புதிதாய் வந்த நாயும் மலஜல உபத்திரவமும்

களத்துக் காவலுக்கென வளர்ந்த நாயொன்றை வாங்கி வரும் மிராசுதார்கள், முதல் வாரத்தில் அது திண்ணையிலும் குதிரடியிலும் அசுத்தஞ் செய்யக் கண்டு அடிப்பதுண்டு. சற்று முன் செய்த காரியத்திற்கே இவ்வடி விழுகிறதென்பதை நாய் அறியாது. எஜமானர் எதிரில் கழிக்க அஞ்சி, மறைவிடந் தேடவே கற்கும். நானும் ஒரு நாயை இவ்வாறு கெடுத்தவனே.

விடியலிலும், உண்டபின்னும், உறங்கி எழுந்தவுடனும், இரவு படுக்குமுன்னும் கயிற்றிற் பிடித்துக் கொல்லையில் ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்க. கழித்தவுடன் அங்கேயே அவித்த முட்டைத் துண்டொன்று கொடுத்தல் நலம். வீட்டில் அசுத்தமான தரையை வாடையறக் கழுவாவிடில் மீண்டும் அவ்விடமே நாடும்.

கழிச்சல் கண்டால், பெரும்பாலும் ஆகாரத்தைத் திடீரென மாற்றியதே காரணம். பழைய ஆகாரத்துடன் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுக. வாந்தியோ மலத்தில் இரத்தமோ காணின், குட்டியாயின் விசேஷமாய், அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்க.