நீரை ஆளும் திறனுக்கு அளவுகோல்

புனே நகரின் வடமேற்கில், பழைய மும்பைச் சாலையில் தாபோடி என்னும் ஊர் உள்ளது. லோணாவளாவுக்குத் தெற்கேயுள்ள மலைகளில் தோன்றும் பவனா ஆறு இவ்வூரின் அருகே முளா ஆற்றுடன் கலக்கின்றது. கலந்த நீர் புனேயில் முட்டாவையும், பின்னர் பீமாவையும் அடைந்து, இறுதியில் கிருஷ்ணாவில் சேர்கின்றது. ஒரு நாடு தன் நீர்வளத்தை எவ்வளவு திறம்பட ஆளுகின்றது என்பதை எண்ணால் கூற இயலுமா என்று ஆராய்வோர்க்கு, இக்கூடுதுறை நல்லதொரு பாடமாகும்.

மிகப் பழகிய அளவை, ஆளொன்றுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் நீரின் அளவே. ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் வகுத்த இம்முறைப்படி, 1,700 கன மீட்டருக்குக் குறைந்தால் நீர் நெருக்கடி. 1,000-க்குக் குறைந்தால் பற்றாக்குறை. மத்திய நீர் ஆணையம் 2019-ஆம் ஆண்டு செய்த மறுமதிப்பீட்டின் அடிப்படையில், 2021-ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் அளவு 1,486 கன மீட்டர் எனக் கணிக்கப்பட்டது. ஆயினும், இவ்வெண் மழையின் அளவையும் மக்கள்தொகையையும் மட்டுமே கூறும். ஆளும் திறனைப் பற்றி ஒன்றும் கூறாது. நீதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியெண்ணில், மழைக்குப் பெயர் பெற்ற மேகாலயம் 26 புள்ளிகளுடன் கடைசியில் நின்றது. வறண்ட நிலப்பரப்பு மிகுந்த குஜராத் 76 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது.

திறனையே அளக்க முற்படுவது ஐக்கிய நாடுகள் சபையின் 6.5.1 என்னும் குறியீடு. சட்டமும் கொள்கையும், நிறுவனங்களும் மக்கள் பங்கேற்பும், மேலாண்மைக் கருவிகள், நிதி ஆகிய நான்கு பிரிவுகளில் 33 வினாக்கள் கேட்கப்படுகின்றன. விடைகள் 0 முதல் 100 வரை மதிப்பிடப்பெறும். உலகச் சராசரி 2017-இல் 49, 2020-இல் 54, 2023-இல் 57. வினாத்தாளுக்கு விடை எழுதி மதிப்பெண் இடுவதும் அந்தந்த நாடே. மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போன்றதே இது என ஆசிரியர்கள் நகைக்கலாம். ஆயினும், எந்தெந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை இவ்வினாத்தாள் நன்கு கற்பிக்கின்றது.

அக்கேள்விகளைப் பவனா ஆற்றங்கரையில் கேட்டுப் பார்ப்போம். 1972-இல் முடிக்கப்பட்ட பவனா அணையிலிருந்து விடப்படும் நீர் ஆற்றின் வழியே ஓடிவர, ராவேத் தடுப்பணையில் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரம் அதனை எடுத்துக்கொள்கின்றது. அணையிலிருந்து நேரே நகருக்கு மூடிய குழாய் அமைக்கத் திட்டமிட்டபோது, ஆற்றோட்டம் குறைந்து தங்கள் பாசனம் கெடும் என்று மாவல் வட்டத்து உழவர்கள் எதிர்த்தனர். 2011 ஆகஸ்டு 9 அன்று பவூர் அருகே விரைவுச்சாலையில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட மூவர் உயிரிழந்தனர். திட்டம் பல்லாண்டுகள் தடைப்பட்டது. நீர் கசியாமலும் ஆவியாகாமலும் வருவதற்குக் குழாய் ஏற்றது என்பதில் பொறியியல் நோக்கில் ஐயமில்லை. ஆனால், "நீரைப் பயன்படுத்துவோர் முடிவெடுப்பதில் பங்கு கொள்கின்றனரா?" என்னும் வினாவுக்கு இங்கு உயர்ந்த மதிப்பெண் இட யாரும் துணியார். இவ்வினா நம்மவர்க்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன.

நகருக்குள் சென்ற நீர் கழிவாகி மீண்டும் ஆற்றில் விழுகின்றது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் மாசுற்றவையெனப் பட்டியலிட்ட 351 ஆற்றுப் பகுதிகளுள், ராவேத்துக்கும் தாபோடிக்கும் இடைப்பட்ட பவனாவும் ஒன்று. மகாராஷ்டிரத்தில் மட்டும் 53 பகுதிகள். எம்மாநிலத்திலும் இத்துணை இல்லை. ஆளொன்றுக்கான கணக்கில் தாபோடியில் ஓடும் நீரும் ராவேத்தில் ஓடும் நீரும் ஒன்றே, குடிப்பவனுக்கு ஒன்றாகா.

இவ்வேறுபாட்டைக் காட்டும் அளவை, உயிர்வேதியியல் பிராணவாயுத் தேவை எனப்படும். நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது, கரைந்துள்ள பிராணவாயு செலவாகின்றது. ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குளிப்பதற்கும் தகாது. சோதனை கடினமன்று; கவனமே வேண்டும். மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள் இரண்டில் காற்றுக் குமிழி தங்காதவாறு நீரை நிரப்பி, ஒன்றில் கரைந்துள்ள பிராணவாயுவை உடனே அளக்க வேண்டும். மற்றதை இருளில், 27 பாகை வெப்பத்தில், மூன்று நாள் வைத்து அளக்க வேண்டும். இரண்டின் வேறுபாடே தேவையாகும். கழிவு மிகுந்த நீரில் மூன்று நாளுக்கு முன்னரே பிராணவாயு முழுதும் தீர்ந்துவிடக்கூடும். அப்போது கிடைக்கும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகையால் அத்தகைய நீரை, பிராணவாயு நிறைந்த தூய நீருடன் அளவறிந்து கலந்து சோதித்து, தூய நீருக்குரிய தேவையைக் கழித்த பின், கலந்த விகிதத்தால் பெருக்க வேண்டும். எடுத்த இடம், நாள், நேரம் ஆகியவற்றைப் புட்டியின் மீது அங்கேயே எழுதிவிடுவது நலம்.