படியெடுத்துக் காத்தல்

கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் எத்துணை உறுதியானதாயினும் ஒருநாள் பழுதுறும். ஆதலின் அதிலுள்ளவற்றைப் பிறிதொரு பொறியிலும் படியெடுத்து வைப்பர்.

அமெரிக்காவிலுள்ள பிக்சார் நிறுவனம் 1998ஆம் ஆண்டு ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தைக் கணிப்பொறிகளில் உருவாக்கி வந்தது. ஒருநாள், தவறான கட்டளை ஒன்றால் அதன் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் படியை நாடினர், அதுவோ குறையுடையதாயிருந்தது. உரிய காலத்தில் எவரும் அதனைச் சோதித்திலர்.

கைக்குழந்தையைப் பேணியவாறே இல்லத்தில் பணியாற்றிய கேலின் சஸ்மன் என்னும் அம்மையாரிடம் மற்றொரு படி இருந்தது. அதுவும் சற்றே பழையது. பின்னர் மாறியவற்றை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுச் சேர்த்தனர். 1999இல் படம் வெளிவந்தது.

படியை நாள்தோறும் மூலத்தோடு ஒப்பச் செய்க. அவ்வப்போது அதிலிருந்து மீட்டும் காண்க. சோதியாத படி, இல்லாத படியே.