பொட்டிபுரம் மலையும் மூன்று ஃபிசிக்ஸ் கேள்விகளும்

போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் நடுவுல, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துல இருக்கிற ஊர் பொட்டிபுரம். நம்ம தேனி மாவட்டத்துல இந்தப் பேரைக் கேட்டா எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் ஞாபகம் வரும்: நியூட்ரினோ. "அது வந்தா அணை உடையும்"னு ஒருத்தர் சொல்வார். "அது வந்தா நோபல் பரிசு வரும்"னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேரும் ஃபார்வர்டு மெசேஜ்தான் படிச்சிருப்பாங்க.

இன்ஜினியரிங் படிக்கிற நாம இதைக் கொஞ்சம் வேற மாதிரி பார்க்கலாம். இந்த ஒரே மலைக்குள்ள மூணு தனித்தனிக் கேள்விகள் இருக்கு. ஒண்ணு தியரி, ஒண்ணு பாறை, ஒண்ணு சுற்றுச்சூழல். மூணுக்கும் பதில் சொல்ற ஃபிசிக்ஸ் வேற வேற. ஒரு கேள்விக்கான பதிலை எடுத்து இன்னொரு கேள்விக்கு ஒட்டுறதுனாலதான் பாதிக் குழப்பம். முதல் வருஷ ஃபிசிக்ஸ் தெரிஞ்சா போதும், மூணையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேனாவும் கால்குலேட்டரும் எடுத்துக்கோங்க.

கேள்வி 1: ஏன் மலைக்குள்ளே?

உங்க கட்டைவிரல் நகத்தைப் பாருங்க. சூரியனில் இருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒரு சதுர செ.மீ. பரப்பை ஒரு வினாடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்து போகுது. பகலில் மேலே இருந்து வரும். ராத்திரியில் பூமியைத் துளைச்சு கீழே இருந்து வரும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, ஏன்னா நியூட்ரினோ எதோடயும் சட்டுனு மோதாது. அதனால "நியூட்ரினோ கதிர்வீச்சு ஊரைப் பாதிக்கும்"ங்கிற பயத்துக்கு ஃபிசிக்ஸில் இடம் இல்ல. பொட்டிபுரத்தில் திட்டமிட்டது நியூட்ரினோவை உண்டாக்கும் மெஷினும் இல்ல. ஏற்கெனவே வந்துட்டு இருக்கிறதை எண்ணும் ஒரு டிடெக்டர், அவ்வளவுதான்.

எதோடயும் மோதாத ஒண்ணை எப்படி எண்ணுறது? பெரிய எடையை வச்சுட்டுக் காத்திருக்கணும். அதனாலதான் 50,000 டன் இரும்பு. 5.6 செ.மீ. தடிமன் இரும்புத் தகடுகள் சுமார் 150 அடுக்கு. ஒவ்வொரு இடைவெளியிலும் ரெசிஸ்டிவ் பிளேட் சேம்பர் எனப்படும் கண்ணாடி டிடெக்டர்கள், மொத்தம் கிட்டத்தட்ட 30 ஆயிரம். இவ்வளவு இருந்தும் ஒரு நாளைக்கு மாட்டுறது சில நியூட்ரினோக்கள்தான்.

இங்கேதான் சிக்கல். விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம்ம வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்களும் உண்டாகுது. தரைமட்டத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு நிமிஷத்துக்கு ஒண்ணு. உங்க உள்ளங்கையை நீட்டினா வினாடிக்கு ஒண்ணாவது கடந்து போகும். நாளைக்குச் சில சிக்னல் வேணும்னா, இந்த இரைச்சலை நிறுத்தியே ஆகணும்.

கணக்குப் போடுவோம். மியூவான் ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஒரு கிராம் பொருளைக் கடக்கும்போது சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் இழக்கும். தலைக்கு மேல 1,200 மீ. பாறை, அடர்த்தி 2.7 கிராம்/க.செ.மீ. என்றால்:

1,20,000 செ.மீ. × 2.7 = 3.24 லட்சம் கிராம்.
3.24 லட்சம் × 2 = 6.48 லட்சம் மெகா, அதாவது சுமார் 650 கிகா எலக்ட்ரான் வோல்ட்.

அதிக ஆற்றலில் மியூவான் வேற வழிகளிலும் ஆற்றலை இழப்பதால், உண்மையில் தேவைப்படுறது 1,000-க்கும் மேல. ஆனா தரைக்கு வரும் மியூவானின் சராசரி ஆற்றல் வெறும் 4 கிகா எலக்ட்ரான் வோல்ட்! அதனால சுமார் பத்து லட்சத்தில் ஒண்ணுதான் உள்ளே வந்து சேரும். மலை இங்கே ஒரு ஃபில்டர்.

இது நமக்குப் புதுசும் இல்ல. வளிமண்டல நியூட்ரினோவை உலகத்திலேயே முதலில் பதிவு செய்தது 1965-ல், ரெண்டு இடத்தில். ஒண்ணு தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம். இன்னொண்ணு நம்ம பக்கத்து மாநிலத்தின் கோலார் தங்கவயல். டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில் செய்தாங்க. அந்தச் சுரங்கம் மூடினதும் இந்தியாவுக்கு அந்த ஆழம் இல்லாமல் போச்சு.

சரி, எண்ணி என்ன செய்வாங்க? நியூட்ரினோ மூணு வகை. போற வழியிலேயே ஒரு வகை இன்னொரு வகையா மாறும். இதுக்கான ஆதாரத்தை ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே 1998-ல் காட்டுச்சு. 2015 நோபல் பரிசு தக்காக்கி கஜிட்டாவுக்கும் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் இதுக்காகத்தான். மாறணும்னா நிறை இருக்கணும். மூணு நிறைகளில் எது கனம், எது லேசு என்கிற வரிசைதான் பதில் தேடப்படும் கேள்வி. பூமியைத் துளைச்சு வரும்போது நியூட்ரினோவும் ஆன்டி நியூட்ரினோவும் பூமிக்குள்ள இருக்கிற எலக்ட்ரான்களால் வேற வேற மாதிரி பாதிக்கப்படும். எது அதிகம் பாதிக்கப்படுதுன்னு பார்த்தா வரிசை தெரிஞ்சிடும். அதுக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். பொட்டிபுரம் டிடெக்டரின் இரும்பு முழுக்கக் காந்தமாக்கப்படும். பாசிட்டிவ் மியூவான் ஒரு பக்கம் வளையும், நெகட்டிவ் மறுபக்கம் வளையும். பன்னிரண்டாம் வகுப்புல படிச்ச லாரன்ஸ் விசைதான்.

கேள்வி 2: பாறை தாங்குமா?

அம்பரப்பர் மலையின் பாறை சார்னோக்கைட். இந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கு. கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகை. அந்தக் கல் போனது சென்னைப் பக்கத்தில் இருந்து. அதை வச்சுத்தான் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பேர் வச்சார். உறுதியான, துளைகள் ரொம்பக் குறைவான பாறை.

திட்டம்: சுமார் 1,900 மீ. நீளம், 7.5 மீ. அகலம் உள்ள சுரங்கப்பாதை. அதன் முடிவில் 132 × 26 × 20 மீ. அளவுள்ள பெரிய குகை, கூடவே சில சின்னக் குகைகள். பாறையை வெடி வச்சுத்தான் உடைக்கணும். அப்போ அதிர்வு?

அதிர்வை "தரை எவ்வளவு வேகமா ஆடுது" என்கிற அளவில் அளப்பாங்க. பாடப்புத்தகத்தில் வரும் ஒரு மாதிரிச் சூத்திரம்: முதலில் தூரத்தை (மீட்டரில்), ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்தின் எடையின் (கிலோவில்) வர்க்கமூலத்தால் வகுக்கணும். வர்ற எண்ணை 1.6 அடுக்குக்கு உயர்த்தி, அதால 1,140-ஐ வகுத்தா, அதிர்வு வேகம் மி.மீ./வினாடியில் கிடைக்கும். இந்த 1,140-ம் 1.6-ம் பாறைக்குப் பாறை மாறும், இடத்துல அளந்துதான் திருத்தணும்.

25 கிலோ வெடிமருந்துக்கு:
100 மீட்டரில் – சுமார் 9.4 மி.மீ./வினாடி
1 கி.மீ.யில் – சுமார் 0.24
10 கி.மீ.யில் – சுமார் 0.006

சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் சாதாரண வீடுகளுக்கு வச்சிருக்கிற வரம்பு, மிகக் குறைந்த அதிர்வெண்ணுக்கே 5 மி.மீ./வினாடி. அதனால பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அணை இந்த வெடியால் உடையும்ங்கிறது கணக்குல நிக்காது. ஆனா 100 மீட்டர் கணக்கைத் திரும்பப் பாருங்க. அது வரம்பைத் தாண்டுது. பக்கத்தில் என்ன இருக்கு, ஒரு தடவைக்கு எத்தனை கிலோங்கிற கேள்வி நியாயமானது. இன்னொண்ணும் கவனிங்க: "வீடு இடியாது"ங்கிறதும் "யாருக்கும் தெரியாது"ங்கிறதும் ஒண்ணு இல்ல. சூத்திரத்தில் யானைக்கும் புலிக்கும் இடம் இல்ல.

பாறையில் இதைவிடக் கஷ்டமான கேள்வி தண்ணீர். சார்னோக்கைட்டின் உடம்புக்குள்ள தண்ணி கிட்டத்தட்டப் போகாது. போறதெல்லாம் விரிசல் வழியாத்தான். இணையான ரெண்டு சுவருக்கு நடுவுல ஓடும் நீரின் அளவு, இடைவெளியின் கனத்துக்கு நேர்விகிதம். விரிசல் ரெண்டு மடங்கு அகலமானா தண்ணி எட்டு மடங்கு. பத்து மடங்கானா ஆயிரம் மடங்கு! அப்போ நூறு மெல்லிய விரிசலின் சராசரியைச் சொல்லி ஒருத்தர் "பிரச்சினை இல்ல"ன்னா, சராசரி ஏமாத்தும். ஒரே ஒரு பெரிய விரிசல் மொத்தக் கணக்கையும் மாத்திடும். குடைஞ்ச பாதை ஒரு வடிகால் மாதிரி வேலை செய்யும். அடிவாரத்துல கிணத்தையும் போர்வெல்லையும் நம்பி இருக்கிற விவசாயி கேட்கிறது இதைத்தான், அவர் கனச் சூத்திரம்னு சொல்லலைன்னாலும். இதுக்குப் பதில் பேப்பரில் வராது. போர்ஹோல் போட்டு ஆழம் ஆழமா நீர் அழுத்தச் சோதனை செய்யணும். தோண்டுறதுக்கு முன்னாடியே சுத்துவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டத்தைச் சில வருஷம் பதிவு செய்யணும்.

கேள்வி 3: வெளியே வர்றது எங்கே போகும்?

குகை: 132 × 26 × 20 = 68,640 கன மீட்டர். பாதையின் குறுக்குப் பரப்பை 50 ச.மீ.ன்னு வச்சுக்கிட்டா, 1,900 × 50 = 95,000. சின்னக் குகைகளை விட்டாலும் 1.6 லட்சம் கன மீட்டருக்கு மேல. எடை சுமார் 4.4 லட்சம் டன். 20 டன் லாரியில் ஏத்தினா 22 ஆயிரம் லோடு. மலைக்குள்ள நடக்கிற வேலையைவிட மலைக்கு வெளியே நடக்கிற வேலைதான் ஊருக்குத் தெரியும்.

அடுத்து தூசி. 10 மைக்ரான் பாறைத் துகளுக்கு ஸ்டோக்ஸ் விதி போட்டா, விழும் வேகம் வினாடிக்கு சுமார் 8 மி.மீ. 10 மீட்டர் உயரத்தில் இருந்து தரைக்கு வர 20 நிமிஷம். அதுக்குள்ள வினாடிக்கு 5 மீ. காத்து அதை 6 கி.மீ. தள்ளிடும். 100 மைக்ரான் துகளோ நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்திடும். (காத்து சுழலாம நேரா அடிக்குதுன்னு வச்சுப் போட்ட தோராயக் கணக்கு இது.) கண்ணுக்குத் தெரியிற புழுதி பக்கத்துலேயே அடங்கிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் தோட்டத்துக்கும் நுரையீரலுக்கும் போகும். ஆடி மாசக் காத்து கம்பம் பள்ளத்தாக்குல எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

கோர்ட்டுல நடந்தது என்ன?

இந்த மூணையும் பிரிச்சுப் பார்த்தபிறகு, நடந்ததைப் படிச்சா தெளிவா இருக்கும். முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் வாழிடம் என்பதால் 2009-ல் அது மறுக்கப்பட்டது. பிறகுதான் போடி மேற்கு மலை. 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல். அதே மார்ச்சில் வைகோ தொடர்ந்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாதுன்னு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. 2017 மார்ச்சில், பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வச்சது. கேரளாவின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் இருப்பதால் இன்னும் கடுமையான பரிசீலனை வேணும் என்பது காரணம். 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏத்துக்கிட்டாலும் தேசிய வனவிலங்கு வாரிய ஒப்புதல் கட்டாயம்னு சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, இந்தத் திட்டத்தை அனுமதிக்க முடியாதுன்னு அங்கே மனு தாக்கல் செய்தது. மதிகெட்டானையும் பெரியாறையும் இணைக்கிற புலி வழித்தடம் முக்கியக் காரணமா சொல்லப்பட்டது.

கவனிச்சீங்களா? திட்டத்தை நிறுத்தின எந்த உத்தரவும் "நியூட்ரினோ ஆபத்து"ன்னு சொல்லலை. நின்னது காட்டுக்காகவும் நடைமுறைக்காகவும். ஆதரிச்சவங்க "நியூட்ரினோ யாரையும் தொடாது"ன்னு முதல் கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னாங்க. ஊர் கேட்டது ரெண்டாவதும் மூணாவதும். எதிர்த்தவங்களில் சிலர் சரியான மூணாவது கேள்விக்குப் பதிலா அணை உடையும் கதையை முன்னாடி வச்சாங்க. அந்தக் கதை கணக்குல தோத்ததும் சரியான கேள்வியும் சேர்ந்து அடிபட்டுச்சு.

உலகம் காத்திருக்கலை. நிறை வரிசையைக் கண்டுபிடிக்க சீனாவின் ஜூனோ டிடெக்டர் 2025 ஆகஸ்டில் தரவு எடுக்க ஆரம்பிச்சிடுச்சு. அது அணு உலைகளின் நியூட்ரினோவைப் பயன்படுத்துற வேற முறை. காந்த இரும்பு முறைக்கு மதுரையில் 85 டன் மாதிரி டிடெக்டர் இருக்கு, தரைக்கு மேலயே. இழப்பு நிஜம்தான். புலி வழித்தடமும் நிஜம்தான். ரெண்டில் எதுக்கு எவ்வளவு மதிப்புன்னு எந்தச் சூத்திரமும் சொல்லாது. அது சமூகம் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவு சரியான எண்களோட எடுக்கப்படுதான்னு பார்க்கிறதுதான் நம்ம வேலை. நாளைக்கு நம்ம ஊருக்கு ஒரு குவாரியோ, ரோடோ, சுரங்கமோ வரும்போது ரிப்போர்ட் எழுதப்போற இன்ஜினியர் நம்மில் ஒருத்தராத்தான் இருப்பார்.

செய்து பாருங்க

1. 500 மீட்டரில் அதிர்வு 1 மி.மீ./வினாடியைத் தாண்டக் கூடாது. மேலே உள்ள சூத்திரப்படி ஒரு தடவைக்கு எத்தனை கிலோ வைக்கலாம்? (விடை: சுமார் 38 கிலோ)

2. வளிமண்டல நியூட்ரினோவின் முதல் பெரிய மாற்றம், ஒரு கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 495 கி.மீ. தூரத்தில் வரும். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. நேர் கீழே இருந்து வரும் நியூட்ரினோவுக்கு எந்த ஆற்றலில் இது நடக்கும்? (விடை: சுமார் 26)

3. ஒரு மலையில் 0.1 மி.மீ. அகலத்தில் 500 விரிசல்கள், 1 மி.மீ. அகலத்தில் ஒரே ஒரு விரிசல். மத்ததெல்லாம் சமம். எது அதிகத் தண்ணியை வடிக்கும்? விடையை நீங்களே கண்டுபிடிச்சு, அடுத்த தடவை நிலத்தடி நீர் ரிப்போர்ட்டில் "சராசரி"ங்கிற வார்த்தையைப் பார்க்கும்போது ஞாபகம் வச்சுக்கோங்க.