கையெழுத்துப் போடும் முன்

அன்பு மருமகனுக்கு,

கத்தார் விசா வந்த விவரம் உன் உம்மா சொன்னாள். போகவா, விசாகப்பட்டினத்திலேயே இருக்கவா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் ஹலாலான சோறுதான், முடிவு உன்னுடையது. ஆனால் சம்பளக் கணக்குக்கு நடுவே போகிறபோக்கில் நீ எழுதிய ஒன்று என்னைத் தூங்க விடவில்லை. நீர்மூழ்கிக்கான வால்வின் சோதனை முடியவில்லை, அனுப்ப வேண்டிய தேதியோ தாண்டிவிட்டது, 'இப்போ கையெழுத்துப் போடு, அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிறார்களாமே. போடாதே மக்களே.

அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கி மாதக்கணக்கில் மேலே வராது. விஜயநாராயணத்தில் கட்டபொம்மன் கடற்படைத் தளத்துக் கோபுரங்களைப் பார்த்திருக்கிறாய். அங்கிருந்து கடலுக்கடியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சேதி போகும்; ஸ்பேர் போகாது.

சக்ரா நீர்மூழ்கியை நினைத்துப் பார். 2012 ஏப்ரல் 4-ல் உங்கள் விசாகப்பட்டினத்தில்தான் கடற்படையில் சேர்த்தார்கள். ரஷ்யாவிடம் வாங்கிய குத்தகை முடிந்து 2021-ல் திரும்பிப் போனது. அதற்கு நெர்பா என்ற பெயர் மட்டும் இருந்த காலத்தில், 2008 நவம்பர் 8-ல், ஜப்பான் கடலில் சோதனை ஓட்டம். தீ எதுவும் பிடிக்கவில்லை. தீயணைப்பு வாயு திறந்துகொண்டு 20 பேர் மூச்சுமுட்டி மௌத்தானார்கள். அந்த வாயுவில் மலிவான நச்சுச் சரக்கு கலந்திருந்ததாகப் பிறகு செய்தி வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கடற்படையினர் அல்ல. சோதனைக்காகப் போன, உன்னைப் போன்ற வேலைக்காரர்கள். பழியோ முதலில் உள்ளே இருந்த ஒரு மாலுமியின் தலையில் விழுந்தது.

அமெரிக்காவில் டகோமா நகரத்து வார்ப்பாலையில், நீர்மூழ்கிக்கான எஃகு தேறாதபோதும் தேறியதாகப் பல வருஷம் எழுதிவைத்த ஒரு பெண் 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அந்தக் கடுங்குளிர்ச் சோதனையே வீண் என்று அவளுக்கு நினைப்பாம். அதே நாட்டின் த்ரெஷர் நீர்மூழ்கிதான் 1963-ல் 129 பேரோடு மூழ்கியது. ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம் என்றது விசாரணை. அதற்கப்புறம்தான் எந்தப் பாகம் எங்கே வார்த்தது, யார் சோதித்தது என்று ஒவ்வொன்றுக்கும் தாள் வைக்கத் தொடங்கினார்கள். அந்தத் தாள் பொய் சொன்னால் மிச்சம் என்ன இருக்கிறது?

உன் வாப்பாவின் வள்ளத்தில் போட்டது டூப்ளிகேட் இம்பெல்லர். கம்பெனிப் பெட்டி, கம்பெனி முத்திரை, கடைக்காரனின் பில், எல்லாம் ஒழுங்காக இருந்தது. பொழிமுகத்தில் அலை உடைகிற இடத்தில் எஞ்சின் சூடேறி நின்றது. அந்தக் கடைக்காரன் இன்றைக்கும் எனக்கு ஸலாம் சொல்கிறான். நான் பதில் சொல்வதில்லை. ஒருத்தன் சரியாகப் பார்த்துவிட்டு 'இது ஆகாது' என்று சொல்லியிருந்தால், உன் நிக்காஹ் பேச்சை இன்று நான் பேச வேண்டியிருக்காது, அவரே பேசியிருப்பார்.

கத்தாரில் சம்பளம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ எழுந்த நாற்காலியில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறவன் வந்து உட்காருவான். ஆகாததை ஆகாது என்று எழுதி, மேலதிகாரிக்கும் எழுத்திலேயே கொடு. நகல் உன்னிடம் இருக்கட்டும். அதற்காக வேலையே போனாலும் போகட்டும், அப்போது கத்தாருக்குப் போ. விமான டிக்கெட் என் செலவு.

அதிகம் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்படாதே. சின்னதிலிருந்தே நீ நிதானக்காரன். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் மாமா உன் பக்கம்தான். உம்மாவை நான் சமாதானம் செய்துகொள்கிறேன். நெத்திலிக் கருவாடும் உன் உம்மா பொரித்த முறுக்கும் பார்சலில் போட்டிருக்கிறேன், ரூமில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, வெள்ளிக்கிழமை மறக்காமல் போன் போடு.

துஆவுடன்,
உன் மாமா
தேங்காய்ப்பட்டணம்