மலையிலிருந்து ஒரு கடல் மடல்

வாழ்த்துரைத்தல் நம் நாட்டார்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கமாயினும், அதனை அட்டையில் அச்சிட்டு அஞ்சலில் விடுத்தல் அண்மைக் காலத்தது. 1843 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஹென்றி கோல் என்பவர், ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்து வெளியிட்ட மடலே விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் மடல் என்பர். அதற்கு இரண்டாண்டுகளின் பின், 1845 இல், மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் கோடைக்கானலில் தம் முதல் இல்லங்களை எழுப்பினர். 1901 இல் அங்கே மிஷனரிமாரின் சிறுவர்க்கென ஒரு விடுதிப் பள்ளியும் தோன்றிற்று. ஆதலின், பழனிமலை இயற்கை வனப்புக்கு உறைவிடமாயிருப்பதோடு, உற்றாரைப் பிரிந்தோர் அமர்ந்து கடிதமெழுதிய இடமாகவும் நெடுநாள் இருந்து வந்துள்ளது.

சென்ற விடுமுறையில் மாணவர் சிலர் அங்குச் சில நாள் தங்கியிருந்தோம். கைப்பேசியில் ஒரே வாழ்த்தை நூறு பேருக்கு ஒரு நொடியில் அனுப்பும் இந்நாளில், இல்லத்தார்க்கு நம் கையாலேயே மடல் செய்து விடுப்போமென யாம் துணிந்தோம். எம்முள் ஒருவர் தூத்துக்குடியினர். சங்கு குளிப்பார் ஒருவரின் மைந்தர். அவர்பொருட்டுக் கடலையே பொருளாகக் கொண்டோம்.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருந்துகொண்டு கடலை எழுதுவானேன் என ஒருவர் வினவினார். விடை இரண்டு. இம்மலையின் தென்சரிவில் பிறக்கும் ஓடைகள் வைகையிற் கலந்து பாக்கு நீரிணையை நோக்கிச் செல்கின்றன. வடபாற் சண்முகநதி அமராவதியோடும், அமராவதி காவிரியோடும் சேர்கின்றன. மலைநீர் நாடுவது கடலையே. இஃது ஒன்று. மற்றொன்று, நம் முன்னோர் வகுத்த திணைநெறி. மலையாகிய குறிஞ்சிக்குப் புணர்தலையும், கடற்கரையாகிய நெய்தலுக்கு இரங்கலையும் அவர்கள் உரிப்பொருளாக்கினர். பிரிந்தார்க்கு விடுக்கும் மடலில் சங்கோ புன்னையோ நாரையோ வருமாயின், எழுதாத சொல்லையும் அது உரைத்துவிடும். ஆனால் கடலிலுள்ள யாவற்றையும் ஓரட்டையில் திணித்தால் அவற்றுள் ஒன்றும் பேசாது. கருப்பொருள் ஒன்று போதும். சூழவுள்ள வெற்றிடத்தைக் கடலாக்கிக் கொள்வது காண்பார் மனம்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். முத்திரைக்கு வேண்டும் பொருள்கள் பெரும்பாலும் மலைச்சந்தையிலேயே கிடைக்கும். உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, வெட்டுமுகத்தைத் துணியின்மீது கவிழ்த்து நீரை வடியவிடுக. ஈரமிருப்பின் மை பற்றாது. பின்பு சிறு கத்தியால் மீனின் வடிவம் மட்டும் மேலே நிற்க, ஏனைய பகுதியைச் சீவி எடுத்திடுக. மேலே நிற்பதே பதியும். தாழ்ந்தது வெள்ளையாக எஞ்சும். கோடு செதுக்கும்போது கத்தியை வெளிப்புறம் சாய்த்துப் பிடித்தால் கோட்டின் அடி அகன்றிருக்கும், அழுத்தும்போது ஒடியாது. முட்டைக்கோசை நேர்பாதியாக அரிந்து மை தடவி ஒற்றினால், அதன் மடிப்புகளே அலைகளாகத் தோன்றும். வெண்டைக்காயின் குறுக்குவெட்டு ஐந்து மூலையோடு உடுமீனை ஒத்திருக்கும். காய்களாலான முத்திரை ஒரு நாளைக்கே உதவும். நெடுநாள் வேண்டுவோர் அழிப்பான் ரப்பரிலோ மரக்கட்டையிலோ செதுக்குதல் நன்று.

மை இருவகை. மைத்திண்டில் ஊற்றும் மை பெரும்பாலும் நீரிற் கரையும் சாயம். தாளுக்குள் ஊறிச் சென்று நிறமளிக்கும். அச்சுமையோ நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தது. தாளின்மேல் தங்கிக் காற்றுப்பட்டு இறுகும். பதித்த உருவத்தின்மேல் நீர்வண்ணம் பூச விரும்புவோர் அச்சுமையையே கொள்ளல் வேண்டும். சாயமை நீர்பட்டால் கலைந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழையும் மூடுபனியும் சூழும் அம்மலையில் இரண்டுமே மெல்லத்தான் உலரும். யாம் அவசரப்பட்டு அட்டைகளை அடுக்கியமையால் முதல் நாள் செய்தவற்றுட் பல ஒன்றன் முதுகில் ஒன்று பதிந்து வீணாயின. மறுநாள் கொடிகட்டித் தனித்தனியே தொங்கவிட்டோம்.

மற்றொரு நுட்பத்தையும் அங்கே கண்டோம். ஒருமுறை மையிட்ட முத்திரையை, மீண்டும் மையிடாமல் இரண்டாம் மூன்றாம் முறை ஒற்றினால் உருவம் படிப்படியாக மங்கும். முதற்பதிவு அண்மையில் நீந்தும் மீனாகவும், மங்கியவை ஆழத்தில் மறையும் மீன்களாகவும் தோன்றும். ஒரே மையில் கடலின் ஆழம் கிட்டிவிடுகிறது.

தூத்துக்குடி நண்பர், தம் பெட்டியிலிருந்த சங்கொன்றை முன்வைத்து, கண்டது கண்டவாறே இரண்டு நாள் உழைத்து ரப்பரில் செதுக்கி, அதனை அச்சிட்டுத் தந்தைக்கு விடுத்தார். பத்து நாளில் விடை வந்தது. தாம் கடலில் மூழ்கிய காலமெல்லாம் ஒரு வலம்புரிகூடத் தம் கைக்கு எட்டவில்லை என்றும், மகனுக்கு மட்டும் மலையுச்சியில் அஃது எங்ஙனம் கிட்டியது என்றும் அப்பெரியவர் வினவியிருந்தார்.

அப்பொழுதுதான் பிழை விளங்கிற்று. முத்திரை இடவலம் மாற்றிப் பதிப்பது. சுருள்முனை மேலிருக்க, வாய் நம்மை நோக்கி இருக்குமாறு பிடித்தால், இயல்பான சங்கின் வாய் வலப்பக்கத்தில் அமையும். இதனையே வழக்கில் இடம்புரி என்பர். வாய் இடப்பக்கத்தில் அமைவதே கிடைத்தற்கரிய வலம்புரி. நண்பர் இடம்புரியைப் பார்த்தபடி செதுக்கினார். தாளில் வலம்புரி பிறந்தது! எழுத்துச் செதுக்குவோர்க்கும் நேரும் பிழை இது. இதனைத் தவிர்க்கும் வழி எளிது: மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, அப்பக்கத்தைக் கட்டையின்மேல் கவிழ்த்து, கரண்டி முதுகால் தேய்த்திடுக. கட்டையில் உருவம் தானே மாறிப் படியும். அதன்வழிச் செதுக்கினால் அச்சு நேராக வரும். ஐயமிருப்பின் கண்ணாடியில் காட்டிப் பார்க்கலாம்.

நண்பர் நாணி, மீண்டும் செதுக்கித் திருத்திய மடலை அனுப்பினார். தந்தையார் இரண்டையும் வைத்துக்கொண்டார். இரண்டாவது தாம் அறிந்த சங்கு என்றும், முதலாவது தமக்குக் கிட்டாத சங்கு என்றும், அதனை மகனே கொடுத்தானென்றும் எழுதியிருந்தார்.

கடையில் வாங்கிய மடலில் இப்பிழை நேர்ந்திராது, இவ்விடையும் வந்திராது. ஒரு பொருளைச் செதுக்குமளவு உற்றுநோக்கினாலன்றி அதனை நாம் அறிந்தோமென்று கூறுதற்கில்லை. நாம் அறியாததையும், அதனோடு வாழ்ந்தோர் ஒரு நோக்கில் அறிந்துவிடுவர். ஆதலின் அன்பர்களே, வரும் பண்டிகைக்கு ஒரு மடலேனும் நும் கையாலேயே செய்து, அப்பொருளை நன்கறிந்தார் ஒருவர்க்கு விடுப்பீராக. அவர் காட்டும் பிழை நமக்குப் பாடமாகும். நாம் எடுத்த உழைப்பு அவர்க்கு வாழ்த்தாகும்.