எல்லைக் கல்லுக்கு அப்பால்

சென்ற ஆண்டு பத்தாம் தர மாணவியருக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். வீட்டிலிருந்து பாடசாலை வரையுள்ள வழியை வரைந்து, அவ்வழியில் காணப்படும் பொது வசதிகளைக் குறித்து வர வேண்டும். எல்லோரும் அழகாக வரைந்து வந்தார்கள். ஒரு மாணவியின் படம் மட்டும் பாதியில் நின்றிருந்தது. பஸ் தரிப்பிடம், மதகு, வாசிகசாலை, தெருவிளக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தன. தோட்டத்து எல்லைக் கல்லோடு கோடு முடிந்துவிட்டது. அவளுடைய வாப்பா தோட்டத்துக்குள் சில்லறைக் கடை வைத்திருப்பவர். வீடும் லயங்களுக்குப் பக்கத்தில்தான்.

"உன் வீட்டைக் காணோமே மகள்?" என்று கேட்டேன்.

"கல்லுக்கு அங்கால குறிக்க ஒண்டும் இல்லையே டீச்சர். லைட்டும் இல்ல, போர்டும் இல்ல" என்றாள்.

அவள் சொன்னதில் பிழையில்லை. குறிக்க ஒன்றுமில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் எமது இரத்தினபுரி மாவட்டத்தின் நிலத்தையும் மக்களையும் ஆட்சிமுறையையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். பரீட்சைக்காக அவற்றைத் தனித்தனியே படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

நிலம்

சப்ரகமுவ 1889 இல் தனி மாகாணமாக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரண்டு மாவட்டங்களைக் கொண்டது. இவற்றில் பெரியது இரத்தினபுரி. பரப்பளவு ஏறத்தாழ 3,275 சதுர கிலோமீற்றர்.

மாவட்டத்தின் வடக்கு எல்லையில் 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை நிற்கிறது. எமது மூத்தோர் அதனைப் பாவா ஆதம் மலை என்பர். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்து அம்மலையைத் தரிசித்தார். அம்மலைப் பகுதியில் ஊற்றெடுக்கும் களு கங்கை இரத்தினபுரி நகரைத் தொட்டுக்கொண்டு களுத்துறையில் கடலில் கலக்கிறது. கிழக்கே வளவை கங்கை உடவளவை நீர்த்தேக்கத்தை நிரப்பித் தெற்கே செல்கிறது. தென்மேற்கில், 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதியும் எமது மாவட்டத்திலேயே உண்டு.

ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு காலநிலைகள் உள்ளன. இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எம்பிலிப்பிட்டிப் பக்கம் உலர் வலயம். குருவிட்ட, எஹலியகொட பகுதிகளில் இறப்பர்; பலாங்கொடை மலைச்சரிவுகளில் தேயிலை; ஆற்றுப் படுகைகளில் மாணிக்கக் கல். ஊரின் பெயரிலேயே இரத்தினம் இருக்கிறது.

மழை தரும் செல்வத்தோடு ஆபத்தும் வருகிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வந்த வெள்ளங்களையும் மண்சரிவுகளையும் எமது பெற்றோர் மறக்கமாட்டார்கள். அயல் மாவட்டமான கேகாலையில் 2016 மே 17 இல் அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்களையே மூடியது. மழை எந்த எல்லைக் கல்லையும் பார்ப்பதில்லை. ஆற்றோரக் கிராமத்து வீடும் மலைச்சரிவில் உள்ள லயமும் அதற்கு ஒன்றுதான்.

மக்கள்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை 10 இலட்சத்து 88 ஆயிரம் அளவில் இருந்தது. சுமார் 87 நூற்றுவீதத்தினர் சிங்களவர். ஏறக்குறையப் பத்தில் ஒருவர் தமிழர். இவர்களுள் பெரும்பாலானோர் தோட்டத்தையே தம் ஊராகக் கொண்டவர்கள். முஸ்லிம்கள் ஏறத்தாழ 2 நூற்றுவீதம். மாணிக்க வியாபாரத்திலும் தோட்டத்தை அண்டிய கடைவீதிகளிலும் எம்மவர் நெடுங்காலமாக இருந்து வருகின்றனர்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள். அங்கே அவர்களுடைய வாக்குக்குத் தனிப் பலம் உண்டு. சப்ரகமுவவிலோ தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சபையின் எல்லைக்குள் இரண்டு தோட்டம், மற்றொன்றில் மூன்று தோட்டம் என்று பிரிந்திருப்பதால் அவர்களுடைய குரல் சபைக்குள் எட்டுவது கடினம். சிறு தொகையினராகிய எமக்கும் இந்த நிலைமை புதிதல்ல.

ஆட்சி

அமெரிக்காவில் மாநிலங்களைக் கவுண்டி என்னும் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் 3,000 க்கு மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் கவுண்டியை நிருவகிக்கும் சபையை மக்களே தெரிவுசெய்கிறார்கள். எமது மாவட்டமும் அளவில் அப்படியொரு பிரிவுதான். ஆனால் மாவட்டச் செயலாளர் அரசாங்கம் நியமிக்கும் அதிகாரி. அவருக்குக் கீழுள்ள பிரதேச செயலாளரும் கிராம உத்தியோகத்தரும் அவ்வாறே. நாம் வாக்களித்து அமைக்கும் மாகாண சபையின் காலம் சப்ரகமுவவில் 2017 இல் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடைபெறவில்லை. ஆகவே, மக்களுக்கு மிக அருகில் இருக்கும் தெரிவுசெய்யப்பட்ட அமைப்பு உள்ளூராட்சிச் சபையே.

எமது மாவட்டத்தில் இரத்தினபுரி மாநகர சபை, பலாங்கொடை, எம்பிலிப்பிட்டி ஆகிய இரு நகர சபைகள், 14 பிரதேச சபைகள் என 17 சபைகள் இயங்குகின்றன. சிறு வீதி, தெருவிளக்கு, குப்பை அகற்றல், பொதுச் சந்தை, வாசிகசாலை, மயானம் ஆகியன இச்சபைகளின் வேலை. பிறந்த பிள்ளை தாய்சேய் நிலையத்துக்குப் போகும் பாதையிலிருந்து, இறந்தவரின் ஜனாஸாவைச் சுமந்து செல்லும் பாதை வரை இதற்குள் வந்துவிடுகிறது.

கல் எப்படி மதிலானது?

இனி அந்த மாணவியின் வரைபடத்துக்கு வருவோம். வெள்ளையர் காலத்தில் தோட்டம் என்பது துரையின் ஆட்சிக்கு உட்பட்ட தனி உலகம். வீடும் பிள்ளை மடுவமும் மருந்தும் பீலித் தண்ணீரும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பு. ஊரார் அமைத்த கிராமச் சங்கங்களுக்கு அங்கே வேலையில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தோடு மிகப் பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவராயினர்; வாக்கையும் இழந்தனர். 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. பிரசாவுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது.

ஆனால் வாக்கு வந்தும் வசதி வரவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு குறுக்கே நின்றது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட அப்பிரிவு தடையாயிற்று. தோட்டத்துப் பெண் வரிசையில் நின்று பிரதேச சபைக்கு வாக்களிப்பாள். அவள் வாக்கால் தெரிவான உறுப்பினர், அவளுடைய லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லையும் பதிக்க முடியாது. 30 ஆண்டுகளுக்கு மேலாக இதுவே நிலைமை. 2018 இல்தான் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நிறைவேறி, தோட்டத்துக்குள்ளும் சபை பணிசெய்ய வழி திறந்தது.

சட்டம் மாறியதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவி, "அப்ப ஏன் டீச்சர் இன்னும் லைட் வரல்ல?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தத் தோட்டத்திலிருந்து சபையிடம் எழுத்தில் கேட்டவர் எவருமில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவுமில்லை. அப்பாதையால் இருபது வருடம் பஸ்ஸில் போய்வந்த நானும் சொன்னதில்லை.

கேட்பது எப்படி?

அந்தக் கிழமையே கடிதம் எழுதுவதைப் பாடமாக்கினோம். நீங்களும் அறிந்துகொள்ள வேண்டியவை இவை:

1. உங்கள் வீடு எந்தச் சபைக்கு, எந்த வட்டாரத்துக்கு உரியது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு அறியுங்கள்.

2. கடிதத்தைச் சபையின் தவிசாளருக்கு எழுதி, வட்டார உறுப்பினருக்கும் செயலாளருக்கும் பிரதி அனுப்புங்கள். திகதியிட்டு ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

3. தமிழிலேயே எழுதுங்கள். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு வழங்குகிறது.

4. பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

மாணவி எழுதினாள். லயத்து அக்காமார் பதினொரு பேர் கையெழுத்திட்டார்கள். ஒருவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். முதற் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குத் தமிழில் பதில் வந்தது. ஐந்து மாதங்களின் பின் பாலத்தடியில் இரண்டு விளக்குகள் எரிந்தன. பாதை இன்னும் குண்டும் குழியுமாகத்தான் கிடக்கிறது. அடுத்த கடிதம் அதற்கு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உள்ளூராட்சிச் சபைகளில் 25 நூற்றுவீதம் பெண்களுக்குரியது. 2018 தேர்தலிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. அந்த ஆசனங்களில் அமரப்போகும் பெண்கள் இன்று எமது வகுப்பறைகளில்தான் இருக்கிறார்கள். பதினெட்டு வயதானதும் பிள்ளையின் பெயர் வாக்காளர் இடாப்பில் பதியப்பட்டுள்ளதா என்று பாருங்கள். சபை என்பது ஆண்பிள்ளைகளின் விடயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தண்ணீர் சுமப்பவரும், இருட்டில் ரியூஷன் முடிந்து வருபவரும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே.

அந்த மாணவி தன் வரைபடத்தை மீண்டும் வரைந்து தந்தாள். எல்லைக் கல்லைத் தாண்டிக் கோடு செல்கிறது. பாலம், இரண்டு விளக்குகள், பீலி, பிள்ளை மடுவம், மாரியம்மன் கோயில், லயம், அதன் பக்கத்தில் வாப்பாவின் கடை. விளக்கில்லாத இடங்களையும் சிவப்பு மையினால் புள்ளியிட்டிருந்தாள். "இதெல்லாம் இனிமேல் கேக்க வேண்டிய இடம் டீச்சர்" என்றாள். அவளுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.