பித்தப்பையும் ஒரு தாளும்

கல்லீரலின் அடியில் பேரிக்காய் வடிவில் அமைந்து, பித்தநீரைச் சேர்த்து வைக்கும் உறுப்பே பித்தப்பை. இதன் நீளம் 7 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். இதில் கல் உண்டாகித் தொல்லை தந்தால் கல்லை மட்டும் எடுப்பதில்லை. பையையே அகற்றி விடுகிறார்கள். இதனை முதன்முதலில் 1882இல் பெர்லின் நகரில் செய்தவர் கார்ல் லாங்கன்பூக். 1985இல் ஜெர்மானிய மருத்துவர் எரிக் மூஹே சிறு துளை வழியே செய்து காட்டினார்.

அகற்றிய பை எங்கே போகிறது? சென்ற ஆண்டு வரை நானும் அறியேன்.

வடுகபட்டிப் பூண்டு மண்டியில் பூண்டு ஆயும் என் தாயாருக்கு இந்த அறுவை நடந்தது. பையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவை வாங்கி வரப் புறப்பட்டபோது, "கல்லுதான் எடுத்தாச்சே, இன்னும் காகிதம் எதுக்குய்யா?" என்றார். ஒரு நாள் கூலி போகுமே என்ற கவலை அவருக்கு. மூன்று வாரம் கழித்தே சென்றேன். தாளில் 'டிஸ்பிளேசியா' என்றிருந்தது. படித்ததும் கை நடுங்கியது.

எங்கள் விலங்கியல் பேராசிரியர் விளக்கினார். ஃபார்மலினில் இட்ட திசுவை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். நம் ஆய்வகத்தில் நாம் செய்வதும் இதுவே! டிஸ்பிளேசியா புற்றன்று, உட்படலச் செல்கள் ஒழுங்கு குலைந்து புற்றை நோக்கிச் செல்லும் முன்நிலை. வெட்டிய ஓரத்தில் அம்மாற்றம் இல்லாததால் மேலும் சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவரும் உறுதி கூறினார்.

கல் என்று கருதி அகற்றிய பைகளுள் மிகச் சிலவற்றில் எதிர்பாராமல் புற்றே காணப்படுவதுண்டு. கல்லின் வலிக்குள் அது மறைந்திருக்கும். உட்படலத்தோடு நின்றிருந்தால் பையை அகற்றியதே போதும். தசைக்குள் புகுந்திருந்தால், கல்லீரலின் ஒரு பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் நீக்க மறு அறுவை வேண்டியிருக்கும். அதைச் சொல்வது அந்தத் தாள்தான். காலம் தாழ்ந்தால் வாய்ப்பும் நழுவும்.

கங்கைச் சமவெளியில் இந்நோய் மிகுதி, தென்னாட்டில் குறைவு. குறைவு என்பதாலேயே நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ எவருக்கேனும் இந்த அறுவை நடந்தால், சோதனை முடிவை வாங்கி மருத்துவரிடம் காட்டும் பொறுப்பை நாம் ஏற்போம். படித்த படிப்புக்கு அது முதற்பயனாகட்டும்.